தண்டுத் தெருக்களில் ஒரு நடை

பெங்களூரில் இரண்டாண்டு, மூன்றாண்டு தங்கிப் படித்துவிட்டுப் பட்டத்தோடு ஊர் திரும்பும் தமிழ் மாணவர்களை, "பெங்களூரில் என்ன கண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். குளிர்ந்த காற்று, பூங்கா, போக்குவரத்து நெரிசல் என்று விடை வரும். லால்பாக்கையும் கப்பன் பூங்காவையும் கண்டிருப்பார்கள். மகாத்மா காந்தி சாலையில் மாலை வேளைகளில் உலவியிருப்பார்கள். அச் சாலையிலிருந்து அரை மணி நேரம் நடந்தால், தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழும் மக்களின் தெருக்கள் வரும் என்பதை அறிந்தவர் சிலரே. அத் தெருக்களை நடந்து பார்த்தவர் அவரினும் சிலர்.

நான் அறிவியல் முதுகலை மாணவன். வரலாற்றுப் புலமை உடையவன் அல்லன். ஆனால் பிழைப்பு நாடியோ படிப்பு நாடியோ ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு, "எனக்கு முன்னே இங்கு வந்தவர் யார்? எவ்வாறு வந்தார்? எவ்வாறு வாழ்கிறார்?" என்ற வினாக்கள் இயல்பாகவே எழும். அவ் வினாக்களோடு ஞாயிற்றுக்கிழமைகளில் சிவாஜி நகரிலிருந்து அலசூர் வரை நான் நடந்து அறிந்தவற்றை நம் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக் கட்டுரையின் நோக்கம்.

தண்டு வந்த வரலாறு

இன்றைய பெங்களூர் ஒரே நகரம். ஆனால் அது நெடுங்காலம் இரண்டு நகரங்களாக இருந்தது. மேற்கே இருப்பது கெம்பே கவுடர் 1537இல் அமைத்த பேட்டை. கிழக்கே இருப்பது ஆங்கிலேயர் அமைத்த படைவீட்டுப் பகுதி. கன்னட மக்கள் இதனைத் 'தண்டு' என்று வழங்கினர். தண்டு என்றால் படை. நம் பழந்தமிழிலும் அச் சொல்லுக்கு அதுவே பொருள். தண்டநாயகன் என்ற சொல்லை நாம் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

1799இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்தபின், ஆங்கிலப் படை அங்கேயே தங்கிற்று. ஆற்றங்கரை ஊர், கொசுவும் குளிர்காய்ச்சலும் படையினரை வாட்டின. ஆகவே 1809இல், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருக்குப் படையை மாற்றினர். அக் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பது அன்று எவருக்கும் தெரியாது. அவ் வுண்மையை 1897இல் செகந்திராபாத்தில் மெய்ப்பித்த ரொனால்டு ராஸ், 1883இல் இதே பெங்களூரில் படை மருத்துவராகப் பணியாற்றியவர். தேங்கிய நீரை அகற்றினால் கொசு குறையும் என்பதை அவர் கவனித்தது இங்கேதான். அறிவியல் மாணவர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

இங்கு வந்த படை சென்னை மாகாணத்துப் படை. ஒரு படை தனியே வருவதில்லை. சமைப்பவர், துணி வெளுப்பவர், குதிரை பார்ப்பவர், தோட்டக்காரர், தச்சர், கொல்லர், தானிய வணிகர், கணக்கர், ஒப்பந்தக்காரர் என ஒரு பெருங்கூட்டம் அதன் பின்னே வரும். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து முதலியார், பிள்ளை, நாயுடு எனப் பட்டம் கொண்டவரும், பட்டம் ஏதுமின்றி உழைக்கும் கையை மட்டுமே கொண்டவரும் இவ்வாறு வந்தனர். 1864இல் சோலையார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு இரயில் பாதை திறக்கப்பட்டது. அதன் பின் நடந்தும் வண்டியிலும் வந்தவர்கள் இரயிலேறி வரத் தொடங்கினர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் பசித்தவர் பலரை ஊர்விட்டு ஊர் துரத்திய காலமும் அதனை அடுத்தே வந்தது.

1881இல் மைசூர் அரசு மீண்டும் உடையார் கைக்கு வந்தபோதும் தண்டு மட்டும் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நின்றது. பேட்டைக்கு ஒரு நகராட்சி, தண்டுக்கு ஒரு நகராட்சி. இடையே கப்பன் பூங்கா. 1947இல்தான் தண்டு மைசூர் அரசிடம் திரும்பியது. 1949இல் இரண்டு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. எனவே, பூங்காவிற்கு மேற்கே கன்னடமும் கிழக்கே தமிழும் உருதுவும் மிகுதியாகக் கேட்பது தற்செயல் அன்று. அரசியல் வரலாற்றின் விளைவு.

சந்தையைச் சுற்றி

நடையைச் சிவாஜி நகர்ப் பேருந்து நிலையத்தில் தொடங்குவது எளிது. இவ் விடத்தின் பழைய பெயர் பிளாக்பள்ளி. ஆங்கிலப் பெயர் போல் ஒலிக்கும் இதற்கு மூன்று விளக்கம் சொல்வர். வெள்ளை அரிசி விளைந்த ஊராதலின் 'பிளி அக்கிப் பள்ளி' என்பது ஒன்று. தண்டின் தெருக்களை வகுத்தமைத்த பிளாக்கிஸ்டன் என்ற பொறியாளர் பெயரால் வந்தது என்பது மற்றொன்று. 'கறுப்பர் குடியிருப்பு' என்று வெள்ளையர் இட்ட பெயர் என்பது மூன்றாவது. எது மெய்யாயினும், ஒரு பெயருக்குள் அரிசியும் படையும் நிறவெறியும் ஒன்றாகக் குடியிருப்பது கருதத்தக்கது.

பேருந்து நிலையத்திற்கு அருகே ரஸ்ஸல் சந்தை நிற்கிறது. 1927இல் கட்டப்பெற்ற இக் கட்டடத்தை 1933இல் திறந்து வைத்தவர் ஹாஜி சர் இஸ்மாயில் சேட் என்ற கச்சி மேமன் வணிகர். மகளிர்க்கென அவர் பெயரால் அமைந்த கோஷா மருத்துவமனையும் இப் பகுதியிலேயே உள்ளது. 2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஒரு விடியற்காலையில் சந்தையில் தீப்பிடித்து நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் சாம்பலாயின. கடைக்காரர்கள் கலைந்து போகவில்லை. கரி படிந்த சுவருக்குக் கீழேயே மறுபடியும் காய்களைப் பரப்பினர்.

சந்தைக்குள் காதை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். காய்க் கடைக்காரர் வாங்க வந்தவரின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் மொழியை மாற்றுகிறார். ஒருவரிடம் தக்காணி உருதுவில் விலை சொல்கிறார். அடுத்தவரிடம் கன்னடத்தில் பேரம் பேசுகிறார். பக்கத்துக் கடைக்காரரிடம் தமிழில் சில்லறை கேட்கிறார். சுமை தூக்குபவரைத் தெலுங்கில் அழைக்கிறார். இதனைப் புலமை என்று அவர் எண்ணுவதில்லை. "எத்தனை மொழி தெரியும் அண்ணே?" என்று ஒருவரைக் கேட்டேன். "எண்ணிப் பார்த்தது இல்ல தம்பி. யாரு வந்தாலும் யாவாரம் ஆகணும், அவ்ளோதான்" என்றார்.

சந்தைக்கு எதிரே வானளாவி நிற்பது தூய மரியன்னைப் பேராலயம். கூரை வேய்ந்த சிறு கோயிலாகத் தொடங்கிய இது, இன்றைய உருவில் 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அருட்பொழிவு பெற்றது. ஆண்டுதோறும் அதே நாளில் நடக்கும் தேர்த் திருவிழாவிற்குக் காவி உடுத்தி நோன்பிருந்து வருவோர் தொகை பெரிது. அவர்களுள் கிறித்தவர் அல்லாதாரும் பலர். அன்னையின் திருவுருவத்திற்குச் சேலை உடுத்தியிருப்பார்கள். தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் வழிபாடு நடக்கிறது. வேளாங்கண்ணிக்குச் சென்றவர்க்கு இக் காட்சி புதிதாக இராது.

ஆலயத்திலிருந்து கடைத்தெருக்களின் வழியே சென்றால் ஜும்மா மசூதித் தெரு வரும். இன்னொரு பக்கம் திரும்பினால் தண்டு மாரியம்மன் கோயில். படையோடு வந்த மக்கள் தம் காவல் தெய்வத்தையும் உடன் கொண்டு வந்தனர் என்பதைப் பெயரே கூறிவிடுகிறது. இதே பகுதியில் நாராயணப் பிள்ளை தெரு, வீரப்பிள்ளை தெரு, இப்ராகிம் சாகிப் தெரு, தர்மராஜா கோயில் தெரு என்று பெயர்ப்பலகைகள் அடுத்தடுத்து நிற்கும். மூலைக்கு மூலை கபாபுக் கடைகளின் கரிப்புகையும் மல்லிகைச் சரத்தின் மணமும் சாக்கடை நாற்றமும் ஒரே காற்றில் வரும். இதனை மறைத்து எழுதுவதில் பயனில்லை. தெருக்கள் குறுகியவை; வீடுகள் நெருங்கியவை; மழை பெய்தால் முழங்கால் சேறு. 1898இல் பிளேக் நோய் பெங்களூரைத் தாக்கியபோது, இத்தகைய நெருக்கமான தெருக்களே பெரிதும் துன்புற்றன. அதன் பிறகுதான் அகன்ற தெருக்களோடு பிரேசர் டவுன் முதலிய புதிய பகுதிகளை வகுத்தனர். வசதியுடையோர் அங்குச் சென்றனர். ஏனையோர் இருந்த இடத்திலேயே இருந்தனர்.

இரும்பு பிரிக்கும் தெரு

இப் பகுதியின் தனித் தொழில் ஒன்றைக் கூறாமற் போனால் இக் கட்டுரை நிறைவு பெறாது. அதற்குப் பெயர் 'குஜரி'. கழித்துக் கட்டிய மோட்டார் வண்டிகளைப் பிரித்து, உறுப்பு உறுப்பாக விற்கும் தொழில் அது. ஒரு கடை முழுதும் கதவு. ஒரு கடை முழுதும் விளக்குக் கண்ணாடி. ஒரு கடையில் பல்சக்கரங்கள் மட்டும். நாம் சோதனைச்சாலையில் ஓர் உறுப்புக்காக வாரக் கணக்கில் காத்திருக்கிறோம். அங்கே ஒருவர் கையில் தூக்கிப் பார்த்தே, "இது இன்ன வண்டியின் பல்சக்கரம், இன்ன வண்டிக்கும் பொருந்தும்" என்று கூறிவிடுகிறார். அவர் பள்ளிப் படிப்பை முடிக்காதவர். அளவையும் பொருத்தத்தையும் பற்றிய அவர் அறிவை எந்தத் தேர்வும் அளந்ததில்லை.

அத் தெருவில் வண்டி பிரிக்கும் ஒரு முதியவரோடு சில முறை தேநீர் அருந்தினேன். அவருடைய பாட்டனார் காலத்திலேயே குடும்பம் இங்கு வந்துவிட்டது. அவர் தமிழில் கன்னடமும் உருதுவும் இடையிடையே கலந்து வரும். ஒரு நாள் நான் காவிரிக் கலவரங்களைப் பற்றிக் கேட்டேன். 1991ஆம் ஆண்டு டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி மூண்ட கலவரத்தில் பெங்களூரில் உயிர்கள் போயின. தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. 2016ஆம் ஆண்டு செப்டம்பரிலும் பேருந்துகள் எரிந்தன.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தொண்ணூத்தி ஒண்ணுல ஒரு வாரம் தெருவுல தமிழ்ல வாய் தெறக்கல தம்பி. கொழந்தைங்களையும் பேச வேணாம்னு சொல்லி வச்சோம். அப்புறம் கடையத் தெறந்தோம். எதிர்க்கடைக் கன்னடக்காரரு வந்து டீ வாங்கிக் குடுத்தாரு. அவரும் அதப் பத்திப் பேசல, நானும் பேசல. மறுபடி யாவாரம் பண்ண ஆரம்பிச்சோம்." கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "நீங்க படிச்சி முடிச்சிட்டுப் போயிடுவீங்க. நாங்க இங்கதான் இருக்கணும்."

இவ் வொரு சொற்றொடருக்குள் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி உள்ளது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன். அதற்கு முன் அலசூரை அடைவோம்.

பலாவும் ஹலசும்

காமராசர் சாலையைக் கடந்து கிழக்கே நடந்தால் டிக்கன்சன் சாலை வரும். அதற்கும் அப்பால் அலசூர். காமராசர் சாலைக்கு முன்னைப் பெயர் குதிரைப்படைச் சாலை. அலசூரைக் கன்னடத்தில் ஹலசூரு என்பர். ஹலசு என்றால் பலா. முதலில் இவை வெவ்வேறு சொற்களாகத் தோன்றும். ஆனால் ஓர் ஒலி விதியை அறிந்தால் உறவு விளங்கிவிடும். பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த பகரம், இடைக்காலத்தில் ஹகரமாக மாறிற்று. நம் பால் அவர்களுக்கு ஹாலு. நம் புலி ஹுலி. நம் பல் ஹல்லு. நம் பள்ளி ஹள்ளி. அவ்வாறே பலா, ஹலசு. பிளாக்பள்ளியில் நிற்கும் பள்ளியும், பெங்களூரைச் சூழ்ந்த எத்தனையோ ஊர்ப் பெயர்களில் வரும் ஹள்ளியும் ஒன்றே.

இவ் விதியை அறிந்த நாள் முதல் பேருந்துப் பலகைகளைப் படிப்பது எனக்கு ஒரு விளையாட்டாயிற்று. பாதிக் கன்னடம் நமக்குப் பிறவியிலேயே தெரியும் என்பதையும், அதனை மூடியிருப்பது ஒரு மெல்லிய திரையே என்பதையும் அப்பொழுதுதான் உணர்ந்தேன்.

அலசூர் தண்டினும் மூத்தது. இங்குள்ள சோமேசுவரர் கோயில், ஆங்கிலேயர் வருமுன்பே பல நூற்றாண்டு நின்ற கோயில். தண்டு வெறும் பொட்டலில் எழவில்லை. ஏரியும் கோயிலும் வயலும் உடைய கன்னட நாட்டு ஊர்களுக்கு நடுவேதான் எழுந்தது. நம்மவர் பெருமை பேசும்போது இதனை மறந்துவிடுகின்றனர்.

பெருமைக்கு உரியவரும் உண்டு. ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் கட்டட ஒப்பந்தக்காரராக உயர்ந்தவர். 1868இல் முடிந்த அட்டாரா கச்சேரியைக் கட்டியவர் அவர். இன்று அது கர்நாடக உயர் நீதிமன்றம். தாம் ஈட்டிய பொருளை அவர் பூட்டி வைக்கவில்லை. 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கினார். டிக்கன்சன் சாலையில் அவர் பெயரைத் தாங்கி அக் கல்வி நிலையம் இன்றும் நடக்கிறது. கட்டடம் கட்டியதற்காக மட்டும் அவர் நினைக்கப்பட்டிருப்பாரா என்பது ஐயமே.

ஏரியை ஒட்டி, 'தம்பிகள்' என்று அன்போடு அழைக்கப்படும் மதராஸ் சாப்பர்ஸ் படைப் பிரிவின் தலைமையகம் உள்ளது. 1912இல் இப் படையைச் சேர்ந்த மெக்கிளின்டாக் என்ற அதிகாரி, குழாய்க்குள் வெடிமருந்தை நிரப்பி முள்வேலியைத் தகர்க்கும் கருவியை இங்கே உருவாக்கினார். 'பெங்களூர் டார்பிடோ' என்ற பெயரில் அது இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது. நம் ஊர்களிலிருந்து சென்ற எளிய இளைஞர்களின் உழைப்பும் உயிரும் அப் படையின் வரலாற்றில் கலந்துள்ளன.

அதே ஏரிக்கு அருகில் 1950இல் தோன்றிய பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் உள்ளது. திருவள்ளுவர் சிலையும் அருகிலேயே உள்ளது. 1991இல் நிறுவப்பட்ட அச் சிலை, எதிர்ப்பின் காரணமாகப் பதினெட்டு ஆண்டுகள் மூடியபடியே நின்றது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் தமிழக முதல்வர் மு. கருணாநிதி அதனைத் திறந்து வைத்தார்; கர்நாடக முதல்வர் எடியூரப்பா உடனிருந்தார். நான்கு நாள் கழித்து, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ஈரடியில் அறம் சொன்னவர் இங்கு வந்தார். மூவடியில் அறம் சொன்னவர் அங்குச் சென்றார். கன்னடத்தார் ஒருவரை நாம் வரவேற்க முன்வந்த பிறகே நம்மவர்க்கு இங்குத் திரை விலகியது. இதனை ஒரு பேரம் என்று சிலர் இகழ்ந்தனர். அண்டை வீட்டார் இருவர் பண்டம் மாற்றிக்கொள்வதும் ஒரு பேரமே. அதனால்தான் அண்டை வீடு அண்டை வீடாக நிலைக்கிறது.

நாம் செய்யத்தக்கது

குஜரித் தெரு முதியவரின் சொல்லுக்கு இப்பொழுது வருவோம். நாம் போய்விடுவோம், அவர்கள் இருப்பார்கள். எனவே, இந் நகரில் நாம் பேசும் ஒவ்வொரு சொல்லின் பயனையும் அனுபவிப்பவர் அவர்களே. விடுதி முற்றத்தில் நின்று, "பெங்களூரைக் கட்டியதே தமிழர்" என்று ஒருவர் மார் தட்டினால், அவருக்கு அதனால் வருவது ஒரு கைதட்டல். அதற்கு வரும் சினத்தைத் தாங்குவது, பெயர்ப்பலகையோடு கடை வைத்திருக்கும் எளியவர். மற்றொருவர், "நாம் வந்தேறிகள், வாயை மூடிக்கொண்டு இருப்போம்" என்கிறார். அதுவும் பொருந்தாது. ஐந்தாறு தலைமுறை உழைத்து, வரி கொடுத்து, பிளேக்கிலும் தீயிலும் ஊரை விட்டு ஓடாமல் நின்றவர் வந்தேறி ஆகார். தண்டின் தெருக்கள் இந்த இரண்டு கூற்றுக்கும் சான்று தரவில்லை. கன்னட மண்ணில், பலர் உழைப்பால், பல மொழியில் எழுந்த ஊர் இது என்பதற்கே சான்று தருகின்றன.

தண்டில் நான் கண்ட ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. அத் தெருக்களில் என்னோடு சரளமாகத் தமிழ் பேசிய சிறுவர்களுள் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கன்னடமும் ஆங்கிலமும் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்கு வாயில் மட்டும் உள்ள மொழி. நம் நிலையோ இதற்கு நேர்மாறு. நமக்குத் தமிழ் எழுத்துத் தெரியும். நாம் வாழும் ஊரின் மொழியில் ஒரு பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரியாது. நம்மிடம் உள்ளது அவர்களிடம் இல்லை; அவர்களிடம் உள்ளது நம்மிடம் இல்லை.

ஆகவே நம் மன்றத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். திங்களுக்கு ஒரு ஞாயிறு, விருப்பமுள்ள பத்துப் பேர் சிவாஜி நகருக்கோ அலசூருக்கோ செல்வோம். அங்குள்ள சிறுவர்களுக்கு ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துக் கற்பிப்போம். அடுத்த ஒரு மணி நேரம் அவர்களிடமிருந்து கன்னட எழுத்துக் கற்போம். கன்னட நெடுங்கணக்கின் அமைப்பு நமக்குப் புதிதன்று. ஊன்றிப் பயின்றால் சில வாரங்களில் படிக்க வரும். பணச் செலவு பேருந்துக் கட்டணமும் தேநீரும்தான். வளாகத்துக் கன்னட நண்பர்களையும் உடன் அழைப்போம். இந் நகரில் பிறந்த அவர்களுள்ளும் தண்டைக் காணாதவர் பலர்.

நடக்க விரும்புவோர்க்கு ஒரு குறிப்பு. காலையில் ஏழு மணிக்கே ரஸ்ஸல் சந்தையை அடைந்துவிடுங்கள். வெயில் ஏறுமுன் அலசூர் ஏரியைக் கண்டுவிடலாம். புதிய செருப்பு வேண்டா. ஒளிப்படக் கருவியை எடுக்குமுன் மக்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் கன்னடத்தில் விடை சொன்னால், தெரிந்த இரண்டு சொல்லையாவது கன்னடத்திலேயே சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றாம் சொல்லை அவர்கள் தமிழில் தொடங்குவார்கள்.